முற்றுகைக்குள் அன்றாடம்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் குடிமக்களும் எளிய படைவீரர்களும் (1990–1996)

ஆய்வுச்சுருக்கம்

இலங்கை உள்நாட்டுப் போர் (1983–2009) பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி படை நடவடிக்கைகளையும் பேச்சுவார்த்தைகளையும் தலைவர்களையும் மையமாகக் கொண்டது. போர்க்காலத்தில் மக்கள் எவ்வாறு உண்டனர், பயணம் செய்தனர், படித்தனர், மருத்துவம் பெற்றனர் என்பன பெரும்பாலும் நினைவுக்குறிப்புகளின் பொருளாகவே எஞ்சியுள்ளன. இக்கட்டுரை, 1990 சூன் முதல் 1996 நடுப்பகுதி வரையிலான யாழ்ப்பாணக் குடாநாட்டின் அன்றாட வாழ்வையும், அப்போரில் இருதரப்பிலும் நின்ற எளிய படைவீரர்களின் நிலையையும் ஒருங்கே வைத்து ஆராய்கிறது. முற்றுகைக்கால வாழ்வைத் தற்சார்பின் வெற்றியாக மட்டும் காண்பது அவ்வாழ்வின் பாதியை மறைத்துவிடும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: உள்நாட்டுப் போர், அன்றாட வாழ்வு, பொருளாதாரத் தடை, யாழ்ப்பாணம், இடப்பெயர்வு, எளிய படைவீரர்.

முன்னுரை

போரை மன்னரின் வெற்றியாக மட்டுமன்றிக் குடிகளின் துன்பமாகவும் காணும் பார்வை தமிழ் மரபுக்குப் புதிதன்று. சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டபோது, கோட்டைக் கதவை அடைத்து உள்ளிருந்த நெடுங்கிள்ளியை நோக்கிக் கோவூர்கிழார் பாடிய பாடல் (புறநானூறு 44) படைவலிமையைப் பேசவில்லை. பாலின்றி அழும் குழந்தைகளையும், நீரின்றி வருந்தும் மனைகளையும், நீர்த்துறைக்குச் செல்ல இயலாத யானைகளையும் அது பேசுகிறது. ஒரே குடியினர் இருவர் பொருத போரில் முற்றுகையின் சுமை யார்மீது விழுகிறது என்னும் கேள்வியைப் புலவர் எழுப்பியுள்ளார்.

நவீன வரலாற்றியலில் இக்கேள்வி பிற்காலத்திலேயே உரிய இடத்தைப் பெற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போர் குறித்து பெல் இர்வின் வைலி 1943இலும் 1952இலும் வெளியிட்ட இரு நூல்கள், தளபதிகளை விடுத்துச் சாதாரணப் போர்வீரரின் உணவு, நோய், சலிப்பு, வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஆகியவற்றை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டன. செருமனியில் 1970கள், 1980களில் வளர்ந்த ‘அன்றாட வாழ்வின் வரலாறு’ என்னும் ஆய்வுப்போக்கு, எளியோர் அதிகாரத்தால் நசுக்கப்படுபவர் மட்டுமல்லர், சில வேளைகளில் அதற்கு ஈடுகொடுத்தும் உடன்பட்டும் வாழ்பவர் என்பதை எடுத்துக்காட்டியது. ஈழப்போர் ஆய்வுக்கு இவ்விரண்டாவது கருத்து மிகவும் பொருந்துவதாகும்.

இவ்வாய்வு தமிழகத்திற்கு அயலானதும் அன்று. 1983 முதல் கடல் கடந்து வந்த ஏதிலியர் தமிழகத்தின் பல மாவட்டங்களில் முகாம்களில் குடியமர்த்தப்பட்டனர். விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, இராஜபாளையத்தை அடுத்த மொட்டமலை ஆகிய இடங்களிலும் இத்தகைய முகாம்கள் உள்ளன. இம்முகாம்களில் வாழும் முதியோரின் நினைவில் உள்ள ஊர், பெரும்பாலும் போர்க்கால ஊரே ஆகும்.

1. ஒரே நிலம், இரண்டு நிருவாகங்கள்

1990 சூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. செப்டம்பரில் யாழ்ப்பாணக் கோட்டையை விட்டு இராணுவம் விலகியபின், பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு, தீவுப்பகுதிகள் போன்ற படைத்தளப் பகுதிகள் நீங்கலாகக் குடாநாட்டின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அவர்கள் 1991இல் காவல்துறையையும், தொடர்ந்து நீதிமன்றங்களையும் நிறுவினர், வரியும் தண்டினர்.

ஆயினும் கொழும்பு அரசின் நிருவாகம் முற்றாக அகலவில்லை. அரசாங்க அதிபரின் கச்சேரி தொடர்ந்து இயங்கியது. ஆசிரியர், மருத்துவர், எழுத்தர், ஓய்வூதியர் ஆகியோருக்கு அரசே ஊதியம் வழங்கியது. கிராம சேவையாளர் பதிவுகளின் அடிப்படையில் இடம்பெயர்ந்தோருக்கு உலர் உணவு நிவாரணம், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வழங்கப்பட்டது. பொதுத் தேர்வுகள் நாடு முழுவதற்குமான வினாத்தாள்களைக் கொண்டே நடத்தப்பட்டன. எனவே, ஓர் ஆசிரியர் காலையில் கொழும்பு அரசின் பாடத்திட்டத்தைக் கற்பித்து, மாலையில் புலிகளின் அலுவலகத்தில் பயண அனுமதி கோரி நின்று, இரவில் தமக்கு ஊதியம் தரும் அரசின் வானூர்திக்கு அஞ்சிப் பதுங்குகுழிக்குள் இறங்கும் நிலை இருந்தது. இருதரப்புக்கும் தன் ஆட்சியுரிமையை நிலைநாட்ட மக்கள் அங்கேயே வாழ வேண்டியிருந்தது. இரு நிருவாகங்களுக்கும் ஒரே வேளையில் கீழ்ப்படிதலே குடிமக்களின் அன்றாடத் திறனாயிற்று.

2. தடையின் பொருட்பண்பாடு

போர் மூண்டதும் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. பெட்ரோல், டீசல், மின்கலம், சீமெந்து, உரம் முதலியன தடை செய்யப்பட்டன. மண்ணெண்ணெய், மருந்து, சவர்க்காரம் முதலியன சிறிதளவே வந்தன, விலையோ பன்மடங்காயிற்று. இத்தட்டுப்பாடு ஒரு தனித்த பொருட்பண்பாட்டை உருவாக்கியது.

அவற்றுள் முதன்மையானது போத்தல் விளக்கு. பழப்பாகு அடைத்துவந்த சிறு கண்ணாடிப் போத்தலுள் பஞ்சை இட்டு, அதில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரியைப் பொருத்தி ஏற்றினர். ஒரு தலைமுறை மாணவர் அவ்வொளியிலேயே பொதுத் தேர்வுகளுக்குப் படித்தனர். வானொலி கேட்க, சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தைப் பயன்படுத்தினர். செய்தி நேரம் முடியும்வரை ஒருவர் சுழற்ற, மற்றவர் சூழ அமர்ந்து கேட்பர். பழைய மகிழுந்துகள் சிறிது பெட்ரோலால் இயக்கி வைக்கப்பட்டு, பின் மண்ணெண்ணெயில் ஓடின. அச்சுத்தாள் இன்மையால் ‘உதயன்’ நாளிதழ் பள்ளி மாணவரின் கோடிட்ட பயிற்சி ஏட்டுத் தாளிலும் அச்சானது.

பனை இக்காலத்தில் பழைய முதன்மையை மீண்டும் பெற்றது. சீனிக்கு மாற்றாகப் பனங்கட்டியும், சவர்க்காரத்துக்கு மாற்றாகத் துணி வெளுக்கப் பனம்பழச் சாறும் பயன்பட்டன. பதுங்குகுழியின் மேல்தளத்தைத் தாங்கியது பனங்குற்றியே. மக்கள் ‘பங்கர்’ என வழங்கிய இப்பதுங்குகுழி, கிணறும் அடுக்களையும் போல வீட்டின் ஓர் உறுப்பாயிற்று. மழைக்காலத்தில் அதனுள் நீர் நிரம்பும், பாம்பு புகும். குழிக்குள் இறங்குவதா, வெளியே நிற்பதா என்பதை ஓசையைக் கொண்டு சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. குண்டுவீச்சு வானூர்தியைப் ‘பொம்மர்’ என்றும், மெல்ல ஊர்ந்துவரும் மற்றொரு வகையைச் ‘சகடை’ என்றும் மக்கள் பெயரிட்டு வேறுபடுத்தினர். இப்பெயர்கள் விளையாட்டுச் சொற்களாகத் தோன்றினும், செவியால் உயிர்காக்கும் அறிவின் கலைச்சொற்களாகவே வழங்கின.

மருத்துவத்துறையில் இவ்வகை மாற்றுவழிகளுக்கு எல்லை இருந்தது. 1990 நவம்பரில் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையும் அதன் சுற்றுப்புறமும் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் காப்பிலுள்ள பகுதியாக இருதரப்பாலும் ஏற்கப்பட்டன. பருத்தித்துறை மருத்துவமனையில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பினர் பணியாற்றினர். எனினும் மயக்க மருந்தும் நோய்க்கொல்லிகளும் கிடைப்பது கப்பலின் வருகையைப் பொறுத்தது. விளக்குக்குப் போத்தல் மாற்றாகலாம். நீரிழிவு நோயாளிக்கு இன்சுலினுக்கு மாற்று இல்லை. மாற்றுவழிகளைக் கண்டறிந்து பிழைத்தோரின் நினைவுகளே எழுத்தில் மிகுதியாக உள்ளன. மாற்று இன்மையால் இறந்தோர் அவற்றில் இடம்பெறுவது அரிது. முற்றுகைக்கால நினைவுக்குறிப்புகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் இச்சாய்வைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

3. கடப்பு: கிளாலியும் அனுமதிச்சீட்டும்

ஆனையிறவு வழி மூடப்பட்டபின் குடாநாட்டவர் தென்னிலங்கை செல்ல நீரேரியைக் கடக்க வேண்டியிருந்தது. சங்குப்பிட்டி, கொம்படி–ஊரியான் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட, 1992க்குப் பின் கிளாலியே முதன்மையான துறையாயிற்று. இயந்திரம் பூட்டிய ஒரு படகின்பின் பல படகுகள் கயிற்றால் பிணைக்கப்பட்டு, இரவின் இருளில் விளக்கின்றிச் சென்றன. ஓய்வூதியம் பெறச் செல்லும் முதியவர், வெளிநாட்டு மணமகனிடம் செல்லும் மணப்பெண், அறுவை மருத்துவம் நாடும் நோயாளி, சைக்கிளில் பொருள் கொணரும் சிறுவணிகர் என அனைவரும் அப்படகுகளில் சேர்ந்து பயணித்தனர். நீரேரி தடைசெய்யப்பட்ட பகுதியென அறிவித்த கடற்படையினரின் தாக்குதலில் 1993 சனவரியில் பயணியர் பலர் கொல்லப்பட்டனர். ஆயினும் பயணம் ஓயவில்லை. மறுகரை சேர்ந்தோர் வன்னிப் பாதைகளைக் கடந்து, தாண்டிக்குளத்தின் இராணுவச் சோதனையையும் முடித்தே வவுனியாவை அடைந்தனர்.

இப்பயணத்தின் மற்றொரு தடை கடற்படை அன்று. புலிகளின் ‘பாஸ்’ முறை. குடாநாட்டை விட்டு வெளியேற அனுமதியும், பல வேளைகளில் கட்டணமும், திரும்பி வருவதற்குப் பிணையாளரும் தேவைப்பட்டன. போரிடும் அகவையினர்க்கு அனுமதி பெறுதல் கடினம். இவ்வாறு முற்றுகை இருபுறத்தும் பூட்டப்பட்டிருந்தது. பொருள் உள்ளே வருவதை ஒரு தரப்பும், மக்கள் வெளியே செல்வதை மற்றொரு தரப்பும் கட்டுப்படுத்தின. பொருளாதாரத் தடையை மட்டும் பேசி அனுமதிச்சீட்டை விடுப்பதும், அனுமதிச்சீட்டை மட்டும் பேசித் தடையை விடுப்பதும் அரசியல் சார்ந்த தெரிவுகளே ஆகும்.

4. நினைவில் இடம்பெறாத அன்றாடம்

முற்றுகைக்கால யாழ்ப்பாணம் பற்றிய எழுத்துகளில் ‘நாம்’ என்னும் சொல் பெரும்பாலும் யாரைக் குறிக்கிறது என்பதும் ஆய்வுக்குரியது. 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரின் முசுலிம்கள் ஒலிபெருக்கி வழியே மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு புலிகளால் கட்டளையிடப்பட்டனர். நகையும் உடைமையும் பறிக்கப்பட்டு, சிறுதொகையுடனேயே அவர்கள் சென்றனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலிருந்தும் வெளியேற்றப்பட்ட முசுலிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் எனக் கணிக்கப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் புத்தளம் பகுதியின் ஓலைக்குடிசை முகாம்களில் பல்லாண்டுகள் வாழ நேர்ந்தது.

யாழ்ப்பாணத்தின் இரும்புப்பொருள் வணிகத்திலும் தையலிலும் முசுலிம்களுக்குச் சிறப்பிடம் இருந்தது. அதாவது, பின்னர் தற்சார்பு எனப் போற்றப்பட்ட அன்றாடத்தின் கைவினைஞரும் வணிகருமாகிய ஒரு சமூகம், அது தொடங்கும்போதே அதிலிருந்து நீக்கப்பட்டது. போத்தல் விளக்கைப் பற்றிய நினைவில் சோனகதெருவின் வெற்றுவீடுகள் இடம்பெறாமை தற்செயலன்று. ஷரிகா திரணகமவின் 2011ஆம் ஆண்டு ஆய்வுநூல், யாழ்ப்பாணத் தமிழரின் இடப்பெயர்வையும் முசுலிம்களின் வெளியேற்றத்தையும் ஒருங்கே வைத்து, ‘ஊர்’ என்னும் கருத்து இருவருக்கும் எவ்வாறு வேறுபட்டு உருவாயிற்று எனக் காட்டியுள்ளது.

5. எளிய படைவீரர்

இலங்கை இராணுவத்தில் கட்டாய ஆட்சேர்ப்பு இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 12,000 பேரைக் கொண்ட படை, 1990களின் நடுப்பகுதியில் 1 இலட்சம் என்னும் அளவுக்கு வளர்ந்தது. இவ்வளர்ச்சிக்கு ஆள் கொடுத்தவை பெரும்பாலும் சிங்களக் கிராமப்புறங்களின் ஏழைக் குடும்பங்கள். நெல் வேளாண்மை நலிந்து, அரசுப்பணிகள் சுருங்கிய காலத்தில் படைப்பணியே நிலையான மாத ஊதியம் தரும் வாய்ப்பாக இருந்தது. போர்க்காலத்தில் அரசின் படைச்செலவு கிராமப்புறப் பொருளாதாரத்தைத் தாங்கும் வழியாயிற்று என்பதை ராஜேஷ் வேணுகோபாலின் ஆய்வு விளக்குகிறது. மண்வீட்டைக் கல்வீடாக மாற்றவும், தங்கையை மணம் முடிக்கவும் படையிற் சேர்ந்தோர் பலர். ‘நாட்டைக் காத்தல்’ என்னும் முழக்கத்துக்கும் இந்த வீட்டுக் கணக்குக்கும் இடையிலேயே எளிய சிப்பாயின் வாழ்வு அமைந்தது.

பலாலித் தளத்தில் இருந்த சிப்பாய்க்கும் முற்றுகை இருந்தது. தரைவழி இல்லாமையால் விடுப்பில் செல்லக் கப்பலுக்கோ வானூர்திக்கோ முறை வரும்வரை காத்திருந்தார். 1991இல் ஆனையிறவு முகாம் சூழப்பட்டபோது உணவுக்கும் நீருக்கும் அங்கிருந்தோர் இடருற்றனர். போரைக் கைவிட்டு ஓடியோர் பல்லாயிரவர். அரசு மீண்டும் மீண்டும் பொதுமன்னிப்பு அறிவித்து அவர்களை அழைத்தது. 1996 சூலை 18 அன்று முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது 1,000க்கும் மேற்பட்ட படையினர் உயிரிழந்தனர். பலரின் உடல்கள் அடையாளம் காணப்படவில்லை. ‘காணாமற்போனவர்’ எனப் பதியப்பட்ட மகனுக்காகத் தென்னிலங்கைத் தாய் ஒருத்தி காத்திருந்த காத்திருப்பும், இராணுவம் அழைத்துச் சென்ற மகனுக்காக யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி காத்திருந்த காத்திருப்பும் துயரில் ஒத்தவை. ஆனால் அரசின் ஏடுகளில் ஒத்தவையல்ல. முன்னவளின் மகனைத் தன் பணியாளன் என அரசு ஏற்றது; பின்னவளின் மகனைக் கைது செய்ததையே மறுத்தது.

புலிகளின் எளிய போராளியருக்கு ஊதியம் இல்லை. கழுத்தில் நஞ்சுக்குப்பி இருந்தது. பதின்பருவத்தினர் பலர் பள்ளியிலிருந்தே சேர்ந்தனர், சேர்க்கப்பட்டோரும் உண்டு. வறுமை, உறவினரின் இழப்பு, குண்டுவீச்சின் சினம், பரப்புரை, குடும்பத்தின் கண்டிப்பிலிருந்து விடுபடும் விருப்பம் எனச் சேர்வதற்கான காரணங்கள் பல. இறந்தோர் மாவீரர் எனப் போற்றப்பட்டனர். ஆனால் இயக்கத்தைக் கைவிட்டு வீடு திரும்பியோரின் அன்றாடத்தைச் சொல்லும் பதிவுகள் குறைவு. 1990இல் வெளிவந்த ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர் நால்வருள் ஒருவரான மருத்துவ விரிவுரையாளர் ராஜனி திரணகம, அந்நூல் அச்சில் வருமுன்பே 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றாடத்தை எழுதுதலும் அன்றைய சூழலில் இடர்மிக்க செயலே.

எளிய சிப்பாயின் வறுமையைப் புரிந்துகொள்ளுதல் அவர் செய்த குற்றங்களை நீக்குவதாகாது. இராணுவம் குடாநாட்டைக் கைப்பற்றியபின், 1996இல் அங்குக் கைது செய்யப்பட்ட நூற்றுக்கணக்கானோர் காணாமற்போயினர். அவ்வாண்டு செப்டம்பரில் செம்மணிச் சோதனைச்சாவடியில் ஒரு பள்ளி மாணவியும், அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற ஒரு படைவீரர், அப்பகுதியில் மேலும் பலர் புதைக்கப்பட்டுள்ளனர் என நீதிமன்றத்தில் கூறினார். 1999இல் நடந்த அகழ்வில் 15 உடல்கள் கிடைத்தன. கட்டளை இட்டோரைக் காட்டிய அவ்வாக்குமூலம் அடிநிலைச் சிப்பாய் ஒருவரிடமிருந்தே வந்தது. தண்டனையும் அடிநிலையிலேயே நின்றது.

6. 1995 அக்டோபர் 30

1995 சனவரியில் தொடங்கிய போர்நிறுத்தம் ஏப்ரலில் முறிந்தது. சூலை 9 அன்று நவாலித் தேவாலயத்தில் தஞ்சமடைந்தோர்மீதும், செப்டம்பர் 22 அன்று நாகர்கோவில் பள்ளி மாணவர்மீதும் குண்டுகள் வீசப்பட்டன. அக்டோபர் 17 அன்று இராணுவம் ‘ரிவிரெச’ நடவடிக்கையைத் தொடங்கி வலிகாமத்தை நோக்கி முன்னேறியது. அக்டோபர் 30 அன்று மாலை, வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறுமாறு புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். முசுலிம்கள் வெளியேற்றப்பட்ட அதே நாள். இடைப்பட்டவை சரியாக 5 ஆண்டுகள்.

ஏறத்தாழ 4 முதல் 5 இலட்சம் மக்கள் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குச் சென்றனர். மழை பெய்துகொண்டிருந்தது. சில கிலோமீட்டர் தொலைவைக் கடக்க இரவு முழுவதும் ஆயிற்று. சைக்கிளே சுமைவண்டியாகவும் நோயாளியின் கட்டிலாகவும் பயன்பட்டது. முதியோர் சிலர் வழியிலேயே இறந்தனர். நடக்க இயலாதோர் சிலர் வீட்டிலேயே விடப்பட்டனர். ஐந்தாண்டு காலம் தடையைத் தாக்குப்பிடித்த மாற்றுவழிகள் அனைத்தும் வீட்டையும் கிணற்றையும் பனையையும் சார்ந்தவை. அவற்றை விட்டு நீங்கிய இரவில் அத்தற்சார்பும் முடிவுற்றது. சாவகச்சேரியின் பள்ளிகளும் கோயில்களும் நிரம்பியபின் மரத்தடிகளே வீடாயின. டிசம்பர் 5 அன்று இராணுவம் யாழ்ப்பாண நகரில் கொடியேற்றியபோது, அங்கு மக்கள் ஏறக்குறைய இல்லை. 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் வசமாக, பெரும்பாலோர் வலிகாமம் திரும்பினர். பிறர் வன்னிக்கும், சிலர் கடல் கடந்து தமிழகத்துக்கும் சென்றனர். வன்னி சென்றோரில் பலருக்கு அது 2009 வரை நீண்ட தொடர் இடப்பெயர்வின் தொடக்கமாயிற்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, முற்றுகைக்கால யாழ்ப்பாணம் ஓர் ஆட்சியின் கீழ் அன்றி, ஒன்றையொன்று அழிக்க முயன்ற இரு நிருவாகங்களின் கீழ் இயங்கியது. குடிமக்களின் அன்றாடம் இரண்டையும் கையாளும் திறனால் அமைந்தது. இரண்டாவதாக, தட்டுப்பாடு உருவாக்கிய பொருட்பண்பாடு மக்களின் அறிவாற்றலுக்குச் சான்றாகும். எனினும் அதனைத் தற்சார்பின் பொற்காலமாகக் கொள்வது, மருந்தின்றி இறந்தோரையும், வெளியேற அனுமதி பெறாதோரையும், வெளியேற்றப்பட்டோரையும் மறைக்கிறது. மூன்றாவதாக, இருதரப்பு எளிய படைவீரரும் வறிய குடும்பங்களின் வாழ்வுக் கணக்கிலிருந்தே போருக்குள் வந்தனர். இவ்வுண்மை அவர்தம் பொறுப்பை நீக்குவதில்லை, கட்டளையிட்டோரின் பொறுப்பையே கூடுதலாகத் தெளிவாக்குகிறது.

போர்க்கால நாட்குறிப்புகள், கடிதங்கள், கூட்டுறவுச் சங்கப் பங்கீட்டு அட்டைகள், பயண அனுமதிச்சீட்டுகள் ஆகியன அரசியல் அறிக்கைகளுக்கு நிகரான ஆவணங்கள். இவற்றுள் பல இடப்பெயர்வுகளில் அழிந்தன. எஞ்சியவை யாழ்ப்பாணத்து அலமாரிகளிலும், புத்தளத்துக் குடியிருப்புகளிலும், குருநாகல் கிராமங்களிலும், தமிழக முகாம்களின் தகரப் பெட்டிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் முதுமையடைந்து வருகின்றனர். யாழ்ப்பாணத் தமிழர், வடபுல முசுலிம்கள், சிங்களப் படைவீரர் குடும்பத்தினர் ஆகிய மூவர் சான்றுகளையும் ஒருங்கே தொகுக்கும் வாய்மொழி வரலாற்றுத் திட்டங்களைப் பல்கலைக்கழகத் துறைகள் மேற்கொள்ளுதல் வேண்டும். விருதுநகர் மாவட்ட முகாம்கள் அருகமைந்துள்ள தென்தமிழகக் கல்வி நிறுவனங்கள் அப்பணியைத் தம் வாயிலிலிருந்தே தொடங்கலாம்.